ஆள் வராத பை

1

கப்பலில் நின்று எடுத்த படத்தை என் மகன் அனில் வாட்ஸாப்பில் போட்டாலும் போட்டான், அன்றிலிருந்து எனக்கு ஃபோன் ஓயவில்லை. பாறசாலையிலிருந்து விளிக்கிறார்கள், குளத்தூரிலிருந்து விளிக்கிறார்கள். நெய்யாற்றின்கரையில் வக்கீலாக இருக்கும் ஒருவர்கூட விளித்தார். உல்லாசக் கப்பலில் போவது இப்போது நம்மூரில் ஒரு நடப்பாகிவிட்டது. ஓய்வு பெற்றவர்களுக்குப் பிள்ளைகள் டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறார்கள். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "குமாரண்ணா, பெட்டிய என்ன செய்யணும்?"

ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

எழுத்து எனக்குத் தொழில் இல்லை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்து வாசலை விட்டு இறங்கியவன் நான். தமிழ் வாசிக்கக் கற்றது பழைய பேப்பரில். ஆனால் ஷார்ஜாவில் நிமிர்ந்து பார்த்தால் தெரிகிற கட்டடங்களில் எத்தனையோ ஜன்னல்கள் என் பட்டறையில் அறுத்த அலுமினியம். எஞ்சினீயர்கள் அளவு பிசகி வந்து நின்றபோது வெறும் கண்ணால் பார்த்துத் திருத்திக் கொடுத்திருக்கிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். பெட்டி விஷயத்திலும் அப்படித்தான். இந்த வளைகுடாவில் என்னைவிடப் பெட்டி அறிந்தவன் இருந்தால் எனக்குக் காட்டுங்கள்.

முதலில் காரியத்தைச் சொல்கிறேன். டிக்கெட் எடுத்தவுடன் கப்பல்காரர்கள் கம்ப்யூட்டரில் ஒரு காகிதம் அனுப்புவார்கள். அதில் உங்கள் பெயரும் அறை எண்ணும் இருக்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒன்று. அதை அச்சடித்து, மடித்து, பெட்டியின் கைப்பிடியில் சுற்றி பின் அடித்துவிட வேண்டும். துறைமுகத்தில் கார் நின்றதும் சீருடை போட்ட ஆட்கள் இரும்புக் கூண்டு வண்டியோடு வருவார்கள். பெட்டிகளை அவர்களிடம் கொடுத்துவிட்டு நீங்கள் வெறுங்கையோடு உள்ளே போக வேண்டியதுதான். பெட்டி தனி வழியில் போய், எக்ஸ்ரேயில் ஏறி இறங்கி, சாயங்காலத்துக்குள் உங்கள் அறை வாசலில் வந்து நிற்கும். அதுவரை அது எங்கே என்று கேட்டு நடக்காதீர்கள்.

தோளில் ஒரு சின்னப் பை வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட், மருந்து, கண்ணாடி, ஒரு மாற்றுத்துணி. பல்செட் உள்ளவர்கள் அதன் டப்பா. பெட்டிக்குள் வைக்கக் கூடாதவை: இஸ்திரிப்பெட்டி, கெட்டில், தீப்பெட்டி, சூடம், ஊதுபத்தி, கத்தி.

இதில் நம்மூர்க்காரனுக்குக் கஷ்டமானது எது தெரியுமா? பெட்டியை இன்னொருத்தன் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடப்பது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அதற்குக் காரணம் வேறு.

2

வளைகுடாவுக்கு முதலில் வந்தவர்களுக்குப் பெட்டி கட்டுவது என்றால் கல்யாணம் மாதிரி. ஒருத்தன் ஊருக்குப் போகிறான் என்றால் முந்தின நாளே அறையில் ஆள் கூடிவிடும். ஒருத்தன் அட்டைப்பெட்டி மேல் ஏறி உட்கார்ந்து அமுக்குவான். ஒருத்தன் கயிறு இழுப்பான். கையெழுத்து நன்றாக உள்ளவன் மார்க்கர் பேனாவால் பெயர், வீட்டுப்பெயர், ஊர் எல்லாவற்றையும் பெட்டியின் ஆறு பக்கமும் எழுதுவான். விமானத்திலிருந்து எந்தப் பக்கம் திரும்பி விழுந்தாலும் பெயர் தெரிய வேண்டும். அதுதான் கணக்கு.

கயிறு கட்ட என்னைத்தான் கூட்டிப்போவார்கள். கள்ளிக்காட்டுக்காரன் ஒருத்தன் பெட்டியை நான் கட்டினேன். அவன் வீட்டில் அதை அவிழ்க்க முடியாமல் வெட்டுக்கத்தி எடுத்தார்களாம். திரும்பி வந்து அவன் என்னைத் திட்டியது இன்றும் காதில் இருக்கிறது. "நீ கெட்டினது பெட்டியா, போலீஸ் ஸ்டேஷனா?" என்றான்.

இப்போது யாரும் அட்டைப்பெட்டி கட்டுவதில்லை. எல்லாம் சக்கரம் வைத்த பெட்டி. ஆனாலும் எங்கள் வீட்டில் எந்தப் பெட்டி வெளியே போனாலும் பெயர் எழுதாமல் போகாது. என் மனைவி சரசம்மை விடமாட்டாள். அனிலுக்கு அது வெட்கம். ஏர்போர்ட்டில் சுழலுகிற பெல்ட்டில் குளத்தூர் என்று பெரிய எழுத்தில் எழுதின பெட்டி வரும்போது அவன் கொஞ்சம் தள்ளிப் போய் நிற்பான். அவன் பிள்ளைகளுக்கு அந்த எழுத்தை வாசிக்கவே தெரியாது. அது என்ன டிசைன் என்று ஒருநாள் கேட்டார்கள்.

3

என் முதல் கப்பலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கப்பல் என்று சொல்லக்கூடாது. மரத்தில் செய்த லாஞ்சு. வடக்கே ஒரு கடப்புறத்தில் ஏறினோம். பாஸ்போர்ட் கிடையாது, விசா கிடையாது. என்னோடு பாறசாலையில் பஸ் ஏறியவன் அப்புக்குட்டன். குளத்தூரில் மேலேவிளை வீட்டுக்காரன். என்னைவிட மெலிந்த ஆள், என்னைவிட நல்ல சிரிப்பு. எங்கே போனாலும் இடுப்பில் ஒரு பிச்சாத்தி வைத்திருப்பான். மாட்டுக்கொம்புப் பிடி போட்ட சின்னக் கத்தி. லாஞ்சில் எங்களுக்குக் கிடைத்த வெங்காயத்தை அதில்தான் அறுத்துத் தந்தான்.

நாட்கள் எத்தனை என்று எனக்கு இப்போது நினைவில்லை. வெளுத்து வருகிற நேரத்தில் லாஞ்சு நின்றது. மஞ்சுப் பனி மூடிக் கிடந்தது. மஞ்சுக்கு மேலே கறுப்பாக மலை. லாஞ்சை ஓட்டிவந்த ஸ்ராங்கு, அதுதான் கரை, இதற்கு மேல் போனால் பிடித்துவிடுவார்கள், நீந்துங்கள் என்றான். எல்லோருடைய துணிக்கட்டுகளையும் வாங்கி ஒரு லாரி ட்யூபில் சேர்த்துக் கட்டி முதலில் கடலில் இறக்கினான். அப்புக்குட்டன் இடுப்புப் பிச்சாத்தியையும் தன் கட்டுக்குள் செருகிக் கொடுத்தான். முதலில் கட்டு, பிறகு ஆள். அப்படித்தான் ஏற்பாடு.

நெய்யாற்றில் வெள்ளம் வரும்போது குறுக்கே நீந்தியவன் நான். ட்யூபை இழுக்கும் வேலையை நானே ஏற்றுக்கொண்டேன். எனக்குப் பின்னால் அப்புக்குட்டன் குதித்தான். அவன் கை தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. சளப், சளப் என்று ஒரே சீராக. கரை மணல் காலில் தட்டும்வரை கேட்டது. திரும்பிப் பார்த்தேன். மஞ்சு மட்டும் இருந்தது.

ஆட்கள் ஒவ்வொருத்தராக ஏறி வந்தார்கள். ட்யூபிலிருந்து அவரவர் கட்டை அவிழ்த்து எடுத்தார்கள். ஒன்று மிச்சம் கிடந்தது.

வெயில் ஏறும்வரை நின்றோம். கத்திக் கூப்பிட முடியாது, காவல் படகுக்குக் கேட்டுவிடும். வாயைப் பொத்திக்கொண்டு கடலைப் பார்த்து நின்றோம். பிறகு மலைப் பக்கம் ஓட வேண்டியதாயிற்று. நான் இரண்டு கட்டையும் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

அந்த லாஞ்சில் யாரும் பெயர் எழுதவில்லை. ஏறும்போது கேட்கவில்லை, இறங்கும்போதும் கேட்கவில்லை. ஒருத்தன் குறைந்தால் குறைந்தான் என்று சொல்ல அங்கே ஒரு காகிதமும் இல்லை.

அந்தச் சத்தம் என்னை விட்டுப் போகவில்லை. குளியலறையில் வாளி நிறையும்போது கேட்கும். ஷார்ஜாவில் அபூர்வமாக மழை பெய்து பட்டறை முற்றத்தில் தண்ணீர் நிற்கும்போது கேட்கும். நான் பயந்த ஆள் இல்லை. மாடி விளிம்பில் கயிறுகூடக் கட்டாமல் நின்று கண்ணாடி பொருத்தியவன். ஆனால் அந்தச் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்ப்பேன். இன்றுவரை பார்க்கிறேன்.

4

சில வருடம் கழித்துப் பொதுமன்னிப்பில் எனக்குக் காகிதம் கிடைத்தது. ஊருக்கு வந்ததும் அந்தக் கட்டை எடுத்துக்கொண்டு மேலேவிளை வீட்டுக்குப் போனேன். செய்தி முன்பே போயிருந்தது. அவன் தங்கை சரசம்மை வந்து கட்டை வாங்கினாள். அவிழ்க்கவில்லை. அதில் உப்பு பூத்திருந்தது. அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"கட்டு வந்துட்டுல்லா. ஆளும் வருவான்."

நான் மேலும் இரண்டு தடவை அந்த வீட்டுக்குப் போனேன். மூன்றாம் தடவை பெண் கேட்டுப் போனேன். கட்டைக் கொடுக்கப் போனவன் பெண்ணைக் கெட்டிக்கொண்டு வந்தான் என்று ஊரில் இன்றும் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். எனக்கு வாய்த்த மாதிரி ஒருத்தி அவர்களில் யாருக்கும் வாய்க்கவில்லை.

ஆனால் ஒரு காரியத்தில் அவள் அசையமாட்டாள். அண்ணன் செத்தான் என்று யாரும் சொல்லக்கூடாது. கர்க்கடக வாவுக்கு, அதாவது ஆடி அமாவாசைக்கு, ஊரே ஆற்றங்கரையில் செத்தவர்களுக்குப் பலி போடும். இவள் வீட்டில் அண்ணன் பெயரில் போடவிடமாட்டாள். லாஞ்சில் போய்க் காணாமல் போன ஒருத்தன், வேறு தேசத்து ஜெயிலில் பல வருடம் கிடந்துவிட்டு ஒருநாள் பஸ்ஸில் வந்து இறங்கினான் என்று அந்தக் காலத்தில் ஒரு பேச்சு உண்டு. அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆயுளை ஓட்டினாள்.

ரேஷன் கார்டு புதுக்கும்போதெல்லாம் நெய்யாற்றின்கரையில் கேட்பார்கள், இந்த ஆள் எங்கே என்று. கல்ஃபில் உண்டு என்பாள். பொய் என்று எப்படிச் சொல்வது? குடும்பச் சொத்தை வீதம் வைக்கும்போது வில்லேஜ் ஆபீசில் ஆள் வர வேண்டும், இல்லை மரணச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். அவன் பங்கை அப்படியே விட்டுவிடுங்கள் என்றாள். இன்றைக்கும் போய்ப் பாருங்கள். சுற்றிலும் புது வீடுகள், நடுவில் ஒரு துண்டு மண், புல் முளைத்துக் கிடக்கும். ராத்திரி எல்லா வீட்டு ஜன்னலிலும் வெளிச்சம் எரியும், அந்த இடம் மட்டும் இருட்டாகக் கிடக்கும்.

இன்னொன்று உண்டு. நாங்கள் எப்போது பயணம் போனாலும் பெட்டியின் அடியில் ஒரு புதுச் சட்டையும் ஒரு வேட்டியும் மடித்து வைப்பாள். எனக்கல்ல. ஒல்லியான ஆளுக்கு உள்ள அளவு. வழியில் எங்கேயாவது கண்டால் மாற்றிக்கொள்ளத் துணி வேண்டுமல்லவா? ஒருதடவை ஏர்போர்ட்டில் எடை கூடிவிட்டது. அனில் பெட்டியைத் திறந்து அந்தச் சட்டையை எடுத்து வெளியே வைத்தான். ஷார்ஜாவில் இறங்கும்வரை அவள் அதை மடியிலேயே வைத்திருந்தாள். அதற்குப் பிறகு அனில் அந்தச் சட்டையைத் தொடுவதில்லை. மாமன் என்ற ஆளை அவன் அறிந்தது அந்தச் சட்டையாகத்தான்.

5

எங்கள் கல்யாணத்துக்கு ஐம்பது வருடம் ஆனதற்கு அனில்தான் இந்தக் கப்பலை ஏற்பாடு செய்தான். துபாயில் ஏறி, சில துறைமுகம் சுற்றி, துபாயிலேயே இறங்குவது. சரசம்மை வரமாட்டேன் என்றாள். கடலைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறவள் அவள். அனில் சமாதானம் சொல்லி, போகும் இடங்களை ஒவ்வொன்றாக வாசித்தான். நடுவில் ஒரு பெயர் வந்தபோது நான் அவனை நிறுத்தச் சொல்லிக் கண் காட்டினேன். அவனுக்குப் புரியவில்லை, வாசித்துவிட்டான்.

"அந்தக் கரையா?" என்று என்னைக் கேட்டாள்.

"ஓம்," என்றேன். நான் நீந்தி ஏறிய கரை அது. இப்போது அங்கே துறைமுகம் கட்டி, கப்பல் நிறுத்தி, கடற்கரையில் பாட்டுப் போடுகிறார்கள்.

"அப்பம் நான் வாறேன்," என்றாள்.

எங்களுக்கு மூன்று பெட்டி. காகிதம் நானே மடித்துப் பின் அடித்தேன். துறைமுகத்தில் காரை விட்டு இறங்கியபோது நாலாவதாக ஒரு பழைய துணிப்பை அவள் மடியில் இருந்தது. அவளுக்கு மூட்டுவலி. அதனால் சக்கர நாற்காலி கேட்க நான் உள்ளே போனேன். அனில் காரை விடப் போனான். திரும்பி வரும்போது மூன்று பெட்டியும் கூண்டு வண்டியில் ஏறியிருந்தன. துணிப்பையும் இல்லை.

"பை எங்கே?"

"குடுத்தாச்சு. அந்த ஆளு நம்ம மலையாளத்துக்காரனாக்கும். தலச்சேரி."

நான் மேலே கேட்கவில்லை. அது தவறு என்று பிறகுதான் தெரிந்தது. உங்களுக்கும் சொல்கிறேன்: எத்தனை பெட்டியோ அத்தனை காகிதம் வீட்டிலேயே அடித்துக்கொள்ளுங்கள். காகிதம் இல்லாத பைக்கு அங்கே நிற்கிற ஆள் வெற்று அட்டையை எடுத்து, பெயர் கேட்டு, கையால் எழுதிக் கட்டுவான். தலச்சேரிக்காரன் மலையாளத்தில் கேட்டிருக்கிறான், பேர் என்ன அம்மே என்று. இவள் சொல்லியிருக்கிறாள். நம்மூரில் பெட்டி யாருக்கோ அவன் பெயரைத்தானே எழுதுவோம்? கட்டிக் கொடுத்தவன் பெயரையா எழுதுவோம்?

உள்ளே விமான நிலையம் மாதிரிதான். பாஸ்போர்ட் பார்ப்பார்கள், முகத்தைப் படம் எடுப்பார்கள், ஒரு அட்டை தருவார்கள். அறைச் சாவியும் அதுதான், தினமும் இறங்கி ஏறும்போது ஆள் எண்ணுவதும் அதை வைத்துத்தான். கப்பலில் இத்தனை பேர் ஏறினார்கள், இத்தனை பேர் இறங்கினார்கள், ஒருத்தன்கூடக் குறையக்கூடாது. அந்த மிஷின் ஒவ்வொருவருக்கும் கிணிங் என்று அடிப்பதைக் கொஞ்சநேரம் நின்று கேட்டேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்?

6

அறை திறக்கப் பிந்தும். அதுவரை மேல்தட்டில் சாப்பாடு. விதவிதமாக நிரத்தி வைத்திருப்பார்கள். நம் ஆட்கள் முதல் தட்டிலேயே மலை கட்டிவிடுகிறார்கள், அது வேண்டாம். எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம்.

நான் மீன் வாங்கி வந்து உட்கார்ந்தபோது ஒலிபெருக்கி கரகரத்தது. ஒரு பெண் குரல், ஆங்கிலம். எனக்குப் பாதி புரியும், பாதி புரியாது. அதில் ஒரு பெயர் வந்தது. இங்கிலீஷ் நாக்கு அதைத் துண்டு துண்டாக உடைத்துச் சொன்னது. அப்பு. குட்டன். குளத்தூர்.

எடுத்த மீனைத் தட்டிலேயே போட்டேன்.

அனில் தோசை வாங்க வரிசையில் நின்றான். அவன் காதில் அது விழுந்திருக்கும், மனதில் விழவில்லை. மாமனுக்கு ஒரு பெயர் உண்டு என்று அவன் எப்போது நினைத்தான்? நான் சரசம்மையைப் பார்த்தேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். கேட்கவில்லை போலிருக்கிறது என்று மூச்சு விட்டேன்.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே குரல், அதே பெயர். கப்பல் முழுக்கக் கேட்டது. நீச்சல்குளத்தில் கிடந்தவர்கள், பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கியவர்கள் எல்லோர் தலைக்கு மேலும் அந்தப் பெயர் போயிற்று. ஒரு லாஞ்சிலும் எழுதாத பெயர். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற அந்தக் காலையில் ஒருத்தரும் உரக்கக் கூப்பிடாத பெயர்.

சரசம்மை எழுந்து நின்றாள். கை முழுக்கச் சோறு. என்னைப் பார்க்கவில்லை. ஆட்கள் தட்டோடு வந்துகொண்டிருந்த அந்த வாசலைப் பார்த்தாள்.

"அண்ணனையாக்கும் விளிக்குதது," என்றாள்.

நானும் வாசலைப் பார்த்தேன். அறிவு கெட்டுப் போய்ச் சொல்லவில்லை, நானும் பார்த்தேன். வயதானவர்கள் வந்தார்கள், கறுப்புக் கண்ணாடி போட்ட பெண்கள் வந்தார்கள். முதுகுப்புறம் எங்கோ சளப், சளப் என்று கேட்டது. நீச்சல்குளத்தில் யாரோ நீந்தினார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

7

பையில் கூடாத சாமான் இருந்தால் இப்படித்தான் கூப்பிடுவார்கள். பயப்பட வேண்டாம். கீழ்த்தட்டில் ஒரு அறை, ஒரு இரும்பு மேசை, ஒரு அதிகாரி. எங்களுக்கு வாய்த்தவள் ஃபிலிப்பைன்ஸ்காரி, மரியாதை தெரிந்தவள். மேசைமேல் துணிப்பை இருந்தது. பக்கத்தில் திரையில் அதன் எக்ஸ்ரே படம். மற்றதெல்லாம் நிழலாகத் தெரிய, நடுவில் பிச்சாத்தி மட்டும் கறுப்பாகக் கிடந்தது. சரசம்மை இந்தத் தடவை புதுச் சட்டையோடு நிறுத்தவில்லை. அண்ணனின் அந்தத் துணிக்கட்டையே கொண்டுவந்திருக்கிறாள்.

கத்தி பெரிய பிரச்சினை இல்லை. எடுத்து வைத்துவிட்டு, இறங்கும்போது தருவார்களாம். பிரச்சினை பெயர்தான். அந்தப் பெயரில் பயணி இல்லை. ஆள் இல்லாத பையைக் கப்பலில் வைத்துக்கொண்டு புறப்பட முடியாது. ஆள் வர வேண்டும், இல்லையென்றால் பையைக் கரையில் இறக்கிவிடுவார்கள். அனில் எங்களுக்கு இதைச் சொல்லிவிட்டு, அவனே வழியும் சொன்னான்.

"அம்மா, எனக்க பையின்னு சொல்லீருதேன். பேரு மாறிப்போச்சுன்னு சொன்னா பிரஸ்னம் தீர்ந்து."

"உனக்கதில்ல மக்கா."

"அம்மா, அவங்க பைய இறக்கீருவாங்க."

"உனக்கதுன்னு எப்பிடிச் சொல்லுவ?"

அவன் என்னைப் பார்த்தான். எனக்கு எல்லாக் காரியத்துக்கும் ஒரு வழி உண்டு. ஷார்ஜாவில் எத்தனை ஆபீசில் எத்தனை காரியத்தை நான் பேசி முடித்திருக்கிறேன்! அன்றைக்கு நான் சரசம்மையைப் பார்த்தேன்.

அதிகாரி மெல்லக் கேட்டாள். அனில் அதைத் தமிழில் சொல்லத் தயங்கினான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"இந்த ஆளு உங்க கூட வந்திருக்காரா, வருவாராண்ணு கேக்குதாங்க."

இத்தனை வருடத்தில் தாலுகா ஆபீசிலும் வில்லேஜ் ஆபீசிலும் கேட்டதே அதுதான். அங்கெல்லாம் அவள் உடனே பதில் சொல்லிவிடுவாள். இங்கே பையின் வாயைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எத்தன மட்டம் விளிச்சாங்க?" என்று கேட்டாள்.

"ரெண்டு."

"இன்னும் ஒரு மட்டம்கூட விளிக்கச் சொல்லு மக்கா."

அனிலுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அவளுடைய அப்பாவுக்கு நெய்யாற்றின்கரைக் கோர்ட்டில் ஒரு வழக்கு நெடுங்காலம் நடந்தது. சின்ன வயதில் சோற்றுப்பொதியோடு அவரோடு போய் வராந்தாவில் உட்கார்ந்திருப்பாள். சேவகன் வாசலில் வந்து பெயரை மூன்று மட்டம் விளிப்பான். மூன்றாவது மட்டத்துக்கும் ஆள் வராவிட்டால் வரவில்லை என்று எழுதிவிடுவார்கள். இரண்டு மட்டத்தோடு யாரையும் எழுதித் தள்ளமாட்டார்கள். அவள் அறிந்த நியாயம் அது.

அனில் அதை எப்படி இங்கிலீஷில் சொன்னான் என்று எனக்குத் தெரியாது. அதிகாரி எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தாள். ஃபோனை எடுத்தாள். சரசம்மை பெயரைச் சொல்லிக் கொடுத்தாள், குழந்தைக்குச் சொல்லிக் கொடுப்பது போல, மேலேவிளை அப்புக்குட்டன் என்று. அந்தப் பெண் வாய்க்குள் ஒருதடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் ஒலிபெருக்கியில் அந்தப் பெயர் வந்தது. இந்தத் தடவை உடையாமல் வந்தது.

நாங்கள் காத்திருந்தோம். கீழ்த்தட்டு அது, சுவருக்கு அந்தப் பக்கம் கடல். இரும்பில் தண்ணீர் அடிக்கிற சத்தம் ஒரே சீராகக் கேட்டது. இப்போது திரும்பிப் பார்க்க எனக்குப் பின்னால் ஒன்றும் இல்லை, அந்தச் சுவர்தான். அதிகாரி கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அதை நான் மறக்கமாட்டேன். அனில் மட்டும் ஒருதடவை கதவைத் திறந்து நடைபாதையை எட்டிப் பார்த்துவிட்டு மூடினான்.

சரசம்மை பையிலிருந்து கையை எடுத்தாள்.

"வரல்ல," என்றாள். "அண்ணன் செத்துப்போனான். அண்ணைக்கே செத்துப்போனான். இது எனக்க பையாக்கும். எனக்க பேர எழுதச் சொல்லு."

அனில் அதைச் சொன்னான். ஒருநாளும் காணாத மாமன் அவனுக்கு அன்றைக்குத்தான் செத்தான். அதிகாரி அட்டையை அறுத்துவிட்டு வேறு அட்டை எழுதிக் கட்டினாள். பழையதைக் குப்பையில் போடப் போனவளைச் சரசம்மை கை நீட்டித் தடுத்து வாங்கிக்கொண்டாள். அப்புக்குட்டன் பெயரை எழுதின ஒரே பயணக் காகிதம் அது.

8

பை சாயங்காலம் மற்றப் பெட்டிகளோடு அறை வாசலில் வந்து நின்றது. சொன்ன நேரத்துக்கு எல்லாம் வரும், நீங்கள் பதறாதீர்கள்.

அந்தக் கரையில் கப்பல் நின்ற காலையில் மஞ்சு இல்லை. மலை மட்டும் அதே கறுப்பாக நின்றது. சரசம்மை பையோடு இறங்கினாள். தண்ணீர் ஓரத்தில் நின்றாள். கட்டைக் கடலில் விடப் போகிறாளோ என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். விடவில்லை. இங்கே என்னத்துக்கு, நமக்கு ஆறு இல்லையா, வாவுக்கு ஊருக்குப் போய்க்கொள்ளலாம் என்றாள். அனில், நானும் வாறேன் என்றான். ஊருக்குப் போவோம் என்றாலே லீவு இல்லை என்கிறவன் அவன்.

புதுச் சட்டையை ராத்திரி என்னிடம் நீட்டினாள், போட்டுப் பாருங்க என்று. எனக்கு ஒரு கைகூட நுழையவில்லை. இருபத்துச் சில்லறை வயதுக்காரனின் சட்டை. இத்தனை காலமும் அவள் வாங்கின சட்டைகளில் ஒன்றுகூட ஒரு இஞ்சு பெரிதாகவில்லை.

இனி இறங்கும்போது செய்ய வேண்டியது. கடைசி ராத்திரி படுக்கும் முன் பெட்டிகளை அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும். நிறம் போட்ட காகிதம் தருவார்கள், கட்டிவிடுங்கள். மறுநாளைக்கு வேண்டிய துணியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மறந்து எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட்டு ராத்திரித் துணியோடு இறங்குகிறவர்கள் உண்டு. காலையில் துறைமுகத்து ஹாலில் பெட்டிகள் நிறம் நிறமாக வரிசையில் நிற்கும். உங்களுடையதை நீங்களே பார்த்து எடுக்க வேண்டும்.

நாங்கள் எங்களுடையதை எடுத்தோம். பிச்சாத்தியைக் கவுண்டரில் தந்தார்கள். சரசம்மை கையொப்பம் போட்டு வாங்கினாள். அனில் காரைக் கொண்டுவரப் போனான். எங்கள் வரிசையில் ஆட்கள் ஒவ்வொருத்தராக வந்து அவரவர் பெட்டியை இழுத்துக்கொண்டு போனார்கள். கடைசியில் ஒரு பச்சை முதுகுப்பை மட்டும் மிச்சம் கிடந்தது.

கார் வந்துவிட்டது, போவோம் என்றேன். சரசம்மை நாற்காலியை விட்டு எழுந்து அந்தப் பைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

"ஆரெங்கிலும் வரட்டும்," என்றாள்.

அனிலின் ஃபோன் இரண்டு தடவை வந்தது. வேலைக்காரர்கள் அடுத்த வரிசையின் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார்கள். ஹாலில் வெளிச்சம் பாதி அணைந்தது. நான் அவள் பக்கத்தில் நின்றேன். அந்தக் காலையில் வெயில் ஏறும்வரை நின்ற மாதிரியே நின்றேன்.

அப்போது படிக்கட்டில் ஒருத்தன் ஓடி வந்தான். எந்த தேசத்துக்காரனோ, ஒல்லியான வாலிபன், குளித்துத் தலை துவட்டக்கூட நேரமில்லாமல் முடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வந்தான். பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தான்.

"எலே, எவ்வளவு நேரமாச்சு?" என்றாள் சரசம்மை. "ஆளுக காத்து நிக்குதது உனக்குத் தெரியாதா?"

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்த மாதிரி தலையைக் குனிந்து, ஸாரி, ஸாரி என்றான்.

"செரி, போ," என்றாள்.

அவன் வாசலைத் தாண்டி வெயிலில் இறங்கும்வரை பார்த்துவிட்டு, நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.